வாய்தா நாள் சாப்பாடு

நேற்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் சமைக்கச் சோம்பலாக இருந்தது. ஊரே செய்வதைப் போல நானும் கைப்பேசியில் நாலு தட்டுத் தட்டி ராத்திரிச் சாப்பாட்டை வரவழைத்தேன். கொண்டுவந்தவர் கதவைத் தட்டவில்லை. பையை வாசலில் வைத்து, அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சோறு போட்டதற்குச் சாட்சி வேண்டும் போலிருக்கிறது. உள்ளே நாலு இட்லி, குட்டி பிளாஸ்டிக் கிண்ணத்தில் கத்திரிக்காய் கொத்சு. மூடியில் கொட்டை எழுத்தில் 'வீட்டுச் சமையல்' என்று அச்சடித்திருந்தது. எந்த வீடு என்று போடவில்லை.

மூடியைத் திறந்தேன். வறுத்த மல்லி வாசனை லேசாக வந்தது. அடியில் கத்திரிக்காயும் இருந்திருக்கலாம். நான் தேடிப் பார்க்கவில்லை. கொத்சு சிதம்பரத்தின் சொத்து. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதை வாயில் வைத்திருந்தால் நேரே போய்க் கேஸ் போட்டிருப்பார்கள். மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். கேஸ் போடுவதில் சிதம்பரத்துக்காரர்கள் எப்படி என்று எனக்குத் தெரியும். என் மாமாக்கள் இருவரும் அந்த ஊர்தான்.

இந்த இடத்தில் என் அம்மாவின் கைமணத்தைப் பற்றி நான் கண்கலங்கி ஒரு பத்தி எழுதவேண்டும். இந்த மாதிரி எழுத்துக்கு அது ஒரு சம்பிரதாயம். மன்னிக்கவும், அது என்னால் முடியாது. என் அம்மா வசந்தாவுக்குச் சமையல் பிடிக்காது. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காலையிலிருந்து மத்தியானம் மூன்று மணிவரை அண்டா, அரிசி மூட்டை, நூற்றுக்கணக்கான தட்டுகள் எல்லாவற்றோடும் மல்லுக்கு நின்றுவிட்டு வந்தவரிடம் போய், ராத்திரிக்கு என்ன என்று கேட்க ஒரு தைரியம் வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் அது இருந்ததில்லை.

ஆகவே கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாரநாள் ராத்திரிகள் இப்படிப் போயின. திங்கட்கிழமை ரவை உப்புமா. செவ்வாய்க்கிழமை சேமியா உப்புமா. புதன்கிழமை மிச்ச சாம்பாரும் தோசையும். வியாழக்கிழமை கோதுமை ரவை உப்புமா, உடம்புக்கு நல்லதாம். வெள்ளிக்கிழமை விரதம். சாமிக்காக என்றுதான் சொல்வார். சாமியைவிட அவருக்குத்தான் அதில் வசதி அதிகம். அப்பா பக்கத்து மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தார். அங்கே வரும் தபாலை எப்படி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வாரோ, அப்படியே தட்டையும் வாங்கிக்கொள்வார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதே மஞ்சக்குப்பத்தில் வேறொரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சம்பாதிக்கிற பெண் என்ற மிடுக்கில் ஒருநாள், "எப்பப் பார்த்தாலும் உப்புமாதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீதான் சம்பாதிக்கிறியே, ஆள் வெச்சிக்கோ" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. அதோடு என் மிடுக்கு முடிந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மீன் குழம்பும் இறால் தொக்கும் வந்துசேர்ந்தன என்றால், அது ஒரு வழக்கின் புண்ணியம்.

அம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன், அதாவது என் பெரிய மாமா, சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருந்தார். சின்ன மாமா அதே ஊரில் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் தாத்தா கட்டிய வீடு. தாத்தா போனபிறகு அதைப் பங்கு பிரிக்கச் சில பெரிய மனிதர்கள் வந்தார்கள். கயிறு பிடித்து அளந்து, வெற்றிலை போட்டு, நியாயம் ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் நடுவில் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெரிய மாமாவுக்குச் சமையலறை. அந்தப் பக்கம் சின்ன மாமாவுக்குக் கிணறு. ஒருவருக்கு அடுப்பு உண்டு, தண்ணீர் இல்லை. இன்னொருவருக்குத் தண்ணீர் உண்டு, அடுப்பு இல்லை. இப்படி ஒரு சமத்துவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. பெரிய அத்தை பின்பக்க நடை வழியாகப் போய்த் தண்ணீர் இறைப்பார்; சின்ன அத்தை அதே வழியாக வந்து சமைப்பார். மூன்றாவது வருடம் ஆருத்ரா தரிசனம் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆருத்ராவுக்கு உள்ளூர் விடுமுறை. சொந்தக்காரர்கள் முப்பது பேராவது அந்த வீட்டில் வந்து இறங்குவார்கள். தேர் பார்க்கவும் தரிசனம் பார்க்கவும் வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் பாதிப்பேர் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். திருவாதிரைக் களியும் ஏழு காய் போட்ட கூட்டும் சாப்பிடாமல் ஒருவரும் ஊர் திரும்பியதில்லை. அந்த வருடம் பெரிய அத்தை களி கிண்டிக்கொண்டிருந்தார். அரிசி வேகத் தண்ணீர் போதவில்லை. கிணற்றடியில் சின்ன அத்தை தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கொடம் தண்ணி அனுப்பும்மா, களி புடிக்குது!" என்று பெரிய அத்தை கத்தினார்.

"செத்த இருங்கக்கா, தலையில சீக்கா இருக்குது."

சீயக்காய் தலையை விட்டு இறங்குவதற்குள் களி அடிப்பிடித்துவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடி பெரிய அத்தை முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கெணறு என்னமோ வேற யாரோ வீட்டு கெணறு மாதிரி ஆயிடுச்சி."

ஈரத்தலையோடு வந்து நின்ற சின்ன அத்தை, "ஆமாங்கக்கா, பத்திரத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கு முப்பது பேரும் ஓட்டலில் சாப்பிட்டோம். ஒரு மாதத்துக்குள் பின்பக்க நடையில் சின்ன மாமா செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டார். கிணற்றுக்குப் போகும் வழி தனக்கும் பாத்தியம் என்று பெரிய மாமா கோர்ட்டுக்குப் போனார். சிதம்பரத்தில் அவர் ஜெயித்தார். தம்பி விடுவாரா, அப்பீலுக்குக் கடலூர் வந்தார். முழுச் சொத்தையும் கேட்டு அடித்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பம் அவ்வளவு பேராசை பிடித்ததல்ல. எட்டடி நடைபாதைக்காக மட்டும் அடித்துக்கொண்டோம்.

இதில் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் இழந்தது அம்மா. பண்டிகைக்குப் போக அவருக்கு ஒரு வாசல் இருந்தது. இப்போது இரண்டு ஆகிவிட்டது. எதில் முதலில் கால் வைத்தாலும் இன்னொன்று சாத்திக்கொள்ளும். அந்த வருடப் பொங்கலுக்கு இரண்டு வீட்டிலிருந்தும் வரிசைப் பணமும் புடவையும் தபாலிலும் ஆளிடமும் வந்தன. அம்மா இரண்டு புடவையையும் பிரிக்காமல் பீரோவுக்குள் வைத்தார். அடுத்த நாள் வழக்கத்தைவிடக் கட்டியாக உப்புமா கிண்டினார்.

அப்பீல் வழக்குக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்காரர் நேரில் வரத் தேவையில்லை என்று இருவருடைய வக்கீல்களும் சொன்னார்களாம். பெரிய மாமா கேட்கவில்லை. "அவன் வந்து நிக்கிறான். நான் வரலன்னா ஜட்ஜு என்னா நெனப்பாரு?" சின்ன மாமாவும் கேட்கவில்லை. "அண்ணன் வந்து நிக்கிறாரு. நான் வரலன்னா எப்படி?" இப்படி, தேவையில்லாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்காக மாதம் ஒருமுறை, பெரும்பாலும் புதன்கிழமை, சிதம்பரத்திலிருந்து வேறு வேறு பஸ்ஸில் மஞ்சக்குப்பம் வந்தார்கள். நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் செம்மண்டலத்துக்கு நடந்தார்கள். உடன்பிறந்தவள் வீடு அங்கே இருக்கும்போது வெளியே சாப்பிட முடியுமா? இருவருக்குமே ரோஷம் அதிகம்.

முதல் வாய்தா அன்று பெரிய மாமா வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தபிறகு சின்ன மாமா கதவைத் தட்டினார். அண்ணனின் செருப்பை வாசலில் பார்த்ததும் அப்படியே திரும்பி, பக்கத்து வீட்டு வராந்தாவில் ஏறிவிட்டார். அது ஸ்டெல்லா அக்கா வீடு. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், மற்ற ஆறு நாளும் தெருவில் நடப்பது ஒன்றும் தவறாமல் பார்த்துக்கொள்கிறவர். அன்றிலிருந்து அவர் வராந்தா எங்கள் வீட்டுக்கு வெயிட்டிங் ரூம் ஆகிவிட்டது. ஆறரைக்குப் பெரிய மாமா பந்தி. அவர் கைகழுவித் தெருமுனை திரும்பியதும் ஸ்டெல்லா அக்கா, "தம்பி, லைன் கிளியர்" என்பார். ஏழரைக்குச் சின்ன மாமா பந்தி.

மச்சான்களைத் தனியாக உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வது மரியாதையில்லை என்பதால், அப்பா இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தார். வாய்தா நாளில் அவர் இரண்டு முறை சாப்பிட்டார். ஒரு வருடத்தில் பெல்ட்டில் நுனிப்பக்கம் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியதாயிற்று. "உங்க அண்ணன் தம்பி கேஸு முடியறதுக்குள்ள எனக்கு சுகர் வந்துடும்" என்றார் அம்மாவிடம். வந்தது.

ஆனால் அந்தச் சாப்பாடு! அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். வாய்தா அன்று மத்தியானம் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் நுழைந்தார் என்றால், வேறு ஆள். துறைமுகத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவிடம் சொல்லிவைத்து வாங்கிய கொடுவா மீனில் குழம்பு. கிள்ளை ஊர் இறாலில் தொக்கு. பச்சை மொச்சை வரும் காலத்தில், மொச்சை போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தை மாதம் பெரிய மாமா வடலூர் ஜோதி பார்க்கப் போவதால் பொங்கல் கறிச்சாப்பாடு முடிந்ததிலிருந்து மாதக் கடைசிவரை கவுச்சி தொடமாட்டார். அந்த மாத வாய்தாவுக்கு அவருக்கு மட்டும் வாழைக்காயை மீன் மாதிரியே வறுத்து வைப்பார். இதையெல்லாம் சாப்பிட்டபோதுதான் எனக்குப் புரிந்தது: அம்மாவுக்குச் சமையல் நன்றாகவே தெரியும், எனக்கும் அப்பாவுக்கும் மெனக்கெடுவதில்தான் அவருக்கு அக்கறை இல்லை. இதை ஜீரணிக்க எனக்குச் சில நாள் ஆயிற்று. குழம்பு உடனே ஜீரணமாகிவிட்டது.

பெரிய மாமா முதல் கவளத்தை விழுங்கியதும் கேட்பார்: "அவனுக்கு என்னா வெக்கப் போற?"

"ஒனக்கு வெச்சதுதாண்ணா."

"தல யாருக்கு?"

மீனுக்கு ஒரு தலைதான் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அம்மாவுக்கு ஒரு பிரச்சினையானது. அடுத்த வாய்தாவிலிருந்து இரண்டு மீனாக வாங்கினார். சின்ன மாமா வேறு மாதிரி. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் சரியா சாப்ட்டாராக்கா? கோர்ட்டுல பாத்தேன், எளச்ச மாதிரி இருந்தாரு" என்பார். பகல் முழுக்க அவருக்கு எதிராகக் கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்த ஆள் கேட்கிற கேள்வி இது. அம்மா இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றுவார்.

இப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஓர் ஐப்பசி மாத வாய்தா.

அன்று காலையிலிருந்து மழை. அம்மாவுக்கு நல்ல காய்ச்சல், போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அப்பாவுக்கு மழை டியூட்டி என்று அலுவலகத்திலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். நான் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பெரிய மாமா நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் சின்ன மாமா வந்தார். செருப்பைப் பார்த்தார், பக்கத்து வராந்தாவைப் பார்த்தார். ஸ்டெல்லா அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தார், கிரில் கேட்டில் பூட்டு. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆலப்பாக்கம் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, சிதம்பரம் பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டதாகச் சின்ன மாமாவே தகவல் சொன்னார், என்னைப் பார்த்து. வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார். ஒருவர் டி.வி. பக்கம் பார்த்து உட்கார்ந்தார், கரண்ட் இல்லாத டி.வி. இன்னொருவர் காலண்டர் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

இரண்டு பேருக்கு நடுவில் நான் எமர்ஜென்சி விளக்கை வைத்தேன். "அம்மாவுக்கு ஜுரம். நான் வேணா உப்புமா கிண்டட்டா மாமா?" என்றேன்.

இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். வழக்கு தொடங்கியதிலிருந்து இருவரும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

சமையலறையில் இட்லி மாவு இருந்தது, கத்திரிக்காய் இருந்தது, சின்ன வெங்காயம் இருந்தது. "கொத்சு வெச்சிடலாம்" என்று பெரிய மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். உரக்கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பி.டி. மாஸ்டர் அரிவாள்மனையை எடுத்துப்போட்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் சின்ன வயதில் அந்தச் சமையலறையிலேயே வளர்ந்தவர்கள் என்பது கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பேச்சுதான் நேராகப் போகாதே. எல்லாம் என் வழியாகப் போயிற்று.

"புளி கரைக்கச் சொல்லும்மா அவன."

"கரைச்சி அஞ்சு நிமிஷம் ஆச்சின்னு சொல்லும்மா."

"கத்திரிக்காய சுடணும்னு சொல்லு. சுட்டாத்தான் கொத்சு."

"சுட்டா அதுக்குப் பேரு தொவையல்னு சொல்லு. வேக வெச்சித்தான் மசிக்கணும்."

கத்திரிக்காய் நடுவில் கிடந்தது. கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன்: பாதியைச் சுடலாம், பாதியை வேகவைக்கலாம். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான தீர்ப்புதானே. இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பெரிய மாமா நெருப்பில் காயைத் திருப்பிக்கொண்டிருந்தார். சின்ன மாமா பக்கத்து அடுப்பில் மல்லியும் மிளகாயும் நல்லெண்ணெயில் வறுத்தார். முழங்கை முழங்கையில் படும் அளவுக்குத்தான் அங்கே இடம். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"டேய், மல்லி கருவுது பாரு!"

"பாத்துக்கினுதாண்ணா இருக்கேன்!"

சொல்லிவிட்டு இருவரும் அப்படியே நின்றார்கள். ஐந்து வருடத்துக்கு மேலாகப் பேசாத இரண்டு பேர். பெரிய மாமா முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஏதோ கைதவறி வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டவர் மாதிரி விழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "மல்லி கருவுதுன்னு சொல்லும்மா அவன்கிட்ட" என்றார்.

நான் சொன்னேன். என் வேலை அதுதானே.

இட்லியும் கொத்சும் தட்டில் போட்டு முதலில் அம்மாவுக்குக் கொண்டுபோனேன். மாமாக்கள் இருவரும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அம்மா ஒரு விள்ளல் வாயில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"யாரு உப்பு போட்டது?"

"அவன்தான்" என்றார் பெரிய மாமா.

"அண்ணன்" என்றார் சின்ன மாமா.

இரண்டும் உண்மை. பேச்சுவார்த்தை இல்லாத சமையலறையில் இரண்டு பேரும் தனித்தனியாக உப்புப் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உப்பைப் பற்றி யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, போர்வையை வாயில் வைத்துக்கொண்டார். அடங்கியதும் தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு இட்லி வெய்யி. கொத்சு ஜாஸ்தியா ஊத்து" என்றார். நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம். குடத்துத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. உப்பு அதிகம் என்று அந்த இருவரும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மனம் மாறிக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா? விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். இருந்தது ஒரே பஸ். ஒருவர் முன்படியில் ஏறினார், இன்னொருவர் பின்படியில். அடுத்த மாதம் வாய்தாவுக்கு இருவரும் வந்தார்கள்.

அம்மாதான் மாறினார். காய்ச்சல் விட்டதும் என்னிடம், "ரெண்டு பேரும் ஒரே அடுப்பாண்ட நின்னாங்க இல்ல?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு வீட்டுக்கும் போன் போட்டார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் அன்று மத்தியானம் இரண்டு குடும்பமும் செம்மண்டலம் வந்து சாப்பிடவேண்டும்.

"அவன் வரானா?" என்றார் பெரிய மாமா.

"அவன் எங்கண்ணா வரப்போறான்" என்றார் அம்மா. அடுத்த போனில் சின்ன மாமாவிடம், "அண்ணன் வரலடா" என்றார். சத்துணவுப் பதிவேட்டில் ஒரு முட்டையைக்கூடக் கூட்டி எழுதாத பெண்மணி, பண்டிகை நாளுக்காக இரண்டு பொய்யை ஒரே மூச்சில் சொன்னார்.

இரண்டு குடும்பமும் வந்தது. வாசலில் பார்த்துக்கொண்டது. திரும்பிப் போகலாம் என்றால் ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை தெருவரைக்கும் வந்திருந்தது. பெரிய அத்தை கூடத்தில் உட்கார்ந்தார்; சின்ன அத்தை அறைக்குள் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ஒன்றாகத் தெருவுக்கு ஓடிவிட்டன. பெரியவர்கள் இலைமுன்னால் உட்கார்ந்து, அப்பளம் நொறுங்குவதைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறிய கையோடு வடையை எடுத்து வந்தார். மீனும் கறியும் அவர் கைக்கு வரும்; வடை மட்டும் வாழ்நாள் முழுக்க வரவில்லை. அது இலையில் விழுந்த சத்தத்திலேயே எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

சின்ன அத்தை கடித்தார். முடியவில்லை. கூடத்தைப் பார்த்தார். அங்கே பெரிய அத்தையும் வடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணிக்கு இன்னும் வட வரலக்கா" என்றார் சின்ன அத்தை, மெதுவாக.

"உளுந்த ஊறவே வெக்கல போலருக்கு" என்றார் பெரிய அத்தை.

"ஆட்டும்போது தண்ணி வேற ஊத்திட்டாங்க."

"அவ எப்பவும் அப்படித்தான். நான் கல்யாணமாயி வந்த புதுசுலயே பாத்துருக்கேனே."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வடையில் தொடங்கி ரசத்துக்குப் போய், அங்கிருந்து அம்மா பாத்திரம் அடுக்கும் விதம்வரை அலசினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவின் சமையலை முக்கால் மணி நேரம் கிழித்தார்கள். கிணறும் நடையும் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. "என்னாம்மா, இப்படிப் பேசுறாங்க, நீ சும்மா இருக்க?" என்றேன்.

"பேசட்டும் வுடு" என்றார் அம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "இன்னும் நாலு வட இருக்கு, கொண்டுபோய் வெய்யி."

அடுத்த வருடமும் கரிநாள் எங்கள் வீட்டில்தான். அதற்கடுத்த வருடமும். பொய் சொல்லத் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் மற்றவர் வருகிறார் என்று தெரிந்தே, தெரியாத மாதிரி வந்தார்கள். வழக்கு பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பிறகு அது ஒருநாள் முடிந்துவிட்டது. யாரும் ஜெயிக்கவில்லை. இரண்டு பாதிக்கும் தனித்தனியாகக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. சின்ன மாமா தன் பக்கம் ஒரு சமையலறை கட்டிவிட்டார். கிணறு தூர்ந்து, அதன்மேல் ஸ்கூட்டர் நிறுத்தினார்கள். எதற்காகச் சண்டை என்று இரண்டு வக்கீல்களுக்குமே மறந்துபோயிருக்க வேண்டும். ராஜி மனுப் போட்டு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட அன்று மாமாக்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஸ்டெல்லா அக்கா வராந்தாவில் எழுந்து நின்று பார்த்தார். அம்மா மீனும் இறாலும் இரண்டுமாகச் செய்திருந்தார். ஒரே பந்தி. அப்பா ஒரு முறைதான் சாப்பிட்டார். ஏழு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்து, இருவரும் ஒன்றாகவே பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மா பார்த்தால், கடிகாரத்தில் சின்ன மாமா பந்திக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் புதன்கிழமையும் யாரும் வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து அம்மா பெரிய மாமாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ண்ணா, ஒரு நாளைக்கு வாயேன். நல்ல கொடுவா வருது."

"வரலாம்மா. அங்க வேல ஒண்ணும் இல்லியே."

"வேல இல்லன்னா என்னா, சும்மா வா."

"சும்மா எதுக்கும்மா பஸ் ஏறி வர்றது?" என்றார் மாமா. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே காரணம் தெரியவில்லை. சின்ன மாமா, ஸ்கூல் லீவு விடட்டும் என்றார். அந்த வருடக் கரிநாளுக்கு இரண்டு வீட்டிலும், இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே, அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். வைத்துக்கொண்டார்கள், அவரவர் வீட்டில். அம்மா போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கேஸ இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கலாம்" என்றார்.

பெரிய மாமா போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து அம்மாவும் போனார். அப்பா அதற்கு முன்பே. சின்ன மாமா ஓசூரில் மகனோடு இருக்கிறார். சிதம்பரத்து வீட்டின் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கியவர் அங்கே லாட்ஜ் கட்டியிருக்கிறார். ஆருத்ராவுக்கு வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள் போலும். எங்களில் யாரும் தங்கியதில்லை. மாமா பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் நன்றாக இருக்கிறார்கள். பண்டிகை தவறாமல் போனில் வாழ்த்து அனுப்புகிறார்கள், பொங்கல் பானைப் படத்தோடு. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கு யாருக்கும் யார் மேலும் ஒரு கேஸும் கிடையாது. எல்லோரும் சமாதானமாக இருக்கிறோம். ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைத்து ஏழெட்டு வருடம் ஆகிறது.